கல்லூரியில் 'நம்பர் 1'... என்.பி.ஏ.வில் எடுபடுவாரா? 7 அடி 4 அங்குல ஸாக் ஈடியை அணிகள் எடை போட்டது எப்படி?

2024 ஜூன் 26. நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள பார்க்லேஸ் சென்டர் அரங்கம். என்.பி.ஏ. டிராஃப்ட்டின் முதல் சுற்று நடந்துகொண்டிருக்கிறது. 9வது இடத்தில் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அணியின் முறை வருகிறது. அறிவிக்கப்பட்ட பெயர், ஸாக் ஈடி.

அமெரிக்க கல்லூரி கூடைப்பந்தில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நாட்டின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர். உயரம் 7 அடி 4 அங்குலம். இப்படிப்பட்ட ஒருவரை முதல் ஆளாகவே தூக்கியிருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால், நடந்தது நேர்மாறு. "9வது இடத்திலேயே இவரை எடுத்துட்டாங்களா, ரொம்ப சீக்கிரமாச்சே?" என்பதுதான் அன்று பலரின் கேள்வி.

கல்லூரியில் யாராலும் தடுக்க முடியாத ஒரு சென்டர் வீரர் மீது தொழில்முறை அணிகளுக்கு ஏன் இவ்வளவு சந்தேகம்? ஒரு வீரரின் எதிர்காலத்தை அணிகள் எப்படித்தான் கணிக்கின்றன? விரிவாகப் பார்க்கலாம்.

டிராஃப்ட் என்றால் என்ன? ஐ.பி.எல். ஏலம் மாதிரியா?

இல்லை. ஐ.பி.எல். ஏலத்தில் பணம் அதிகம் கொடுக்கும் அணிக்கு வீரர் கிடைப்பார். டிராஃப்ட்டில் ஏலமே கிடையாது. 30 அணிகளும் வரிசையாக வந்து, ஒரு முறைக்கு ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்கும். மொத்தம் இரண்டு சுற்றுகள்.

இந்த வரிசையில்தான் விஷயமே இருக்கிறது. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்னுரிமை கிடைக்கும். பலவீனமான அணிக்கு நல்ல இளம் வீரர் கிடைத்தால் போட்டி சமநிலையாகும் என்பதுதான் நோக்கம். ஆனால், 'வேண்டுமென்றே தோற்று முதலிடம் வாங்கலாம்' என்று அணிகள் கணக்கு போடுவதைத் தடுக்க, பிளே-ஆஃப் செல்லாத 14 அணிகளுக்கு குலுக்கல் நடத்தி முதல் 4 இடங்களை முடிவு செய்கிறார்கள். கடைசி மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு தலா 14 சதவீதம்தான். 2024-ல் வெறும் 3 சதவீத வாய்ப்பு மட்டுமே வைத்திருந்த அட்லாண்டா அணி முதலிடத்தை அள்ளியது.

எத்தனையாவது இடத்தில் எடுக்கப்படுகிறார் என்பது வீரரின் வாழ்க்கையையே மாற்றும். முதல் சுற்றில் தேர்வாகும் வீரருக்கு இடத்துக்கு ஏற்ற சம்பளம், அதிலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு உத்தரவாதம். இரண்டாம் சுற்றில் அப்படி எந்த உத்தரவாதமும் கட்டாயமில்லை. 30வது இடத்துக்கும் 31வது இடத்துக்கும் நடுவே ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். ஆனால், ஒரு குடும்பத்தின் வருமானமே அதில் அடங்கியிருக்கும்.

சென்டர் வீரரின் வேலை என்ன?

கூடைப்பந்தில் ஒரு அணிக்கு களத்தில் 5 பேர். அவர்களில் பொதுவாக உயரமானவர் சென்டர். கூடைக்கு அருகில் நின்று புள்ளி எடுப்பது, தவறிய பந்தை எகிறிப் பிடிப்பது, அதாவது ரீபவுண்ட், எதிரணியின் வீச்சைத் தட்டிவிடுவது, அதாவது பிளாக். இந்த மூன்றும்தான் அவருடைய பாரம்பரிய வேலை.

ஒரு காலத்தில் என்.பி.ஏ.வில் பந்தை சென்டரிடம் கொடுத்துவிட்டு மற்ற நால்வரும் ஒதுங்கி நிற்பார்கள். அவர் முதுகால் எதிராளியைத் தள்ளிக்கொண்டே கூடை அருகே போய் போடுவார். கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் ஆட்டம் தலைகீழாகிவிட்டது. தூரத்திலிருந்து போட்டால் 3 புள்ளி, பக்கத்திலிருந்து போட்டால் 2 புள்ளி என்ற எளிய கணக்கை அணிகள் கையில் எடுத்தன. இப்போது 5 பேருமே வெளியே பரந்து நிற்கிறார்கள். இதனால் சென்டருக்கு வேலை கூடிவிட்டது. உள்ளே காக்க வேண்டும், வெளியே ஓடிவந்தும் தடுக்க வேண்டும்.

யார் இந்த ஸாக் ஈடி?

கனடாவின் டொரன்டோவில் 2002 மே 14-ல் பிறந்தவர். அம்மா சீன வம்சாவளி கனடியர். சிறு வயதில் ஈடிக்கு பிடித்தது ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும்தான். 'இவ்வளவு உயரமா இருக்கியே, பாஸ்கெட்பால் ஆடலாமே' என்ற பேச்சு எப்போதும் இருந்தது. ஆனால், அவர் முறையாக கூடைப்பந்து ஆடத் தொடங்கியது உயர்நிலைப் பள்ளியில் பாதி வழியில்தான். அமெரிக்காவில் டிராஃப்ட்டுக்கு வரும் பலர் 7, 8 வயதிலேயே பந்தைப் பிடித்தவர்கள்.

பிறகு ஃப்ளோரிடாவில் உள்ள ஐ.எம்.ஜி. அகாடமியில் சேர்ந்தார். அப்போதும் பெரிய பெயர் இல்லை. பள்ளி வீரர்களுக்கான தேசிய தரவரிசையில் முதல் 100 பேரில்கூட அவர் இல்லை. இண்டியானா மாநிலத்தில் உள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் மேட் பெயின்ட்டர் அவரை 2020-ல் அணியில் சேர்த்தார்.

அங்கிருந்து நான்கு ஆண்டுகளில் அவர் ஏறிய ஏணியை எண்களே சொல்லும். ஆட்டத்துக்கு சராசரியாக,

- முதல் ஆண்டு: 8.7 புள்ளி, 4.4 ரீபவுண்ட்
- இரண்டாம் ஆண்டு: 14.4 புள்ளி, 7.7 ரீபவுண்ட்
- மூன்றாம் ஆண்டு: 22.3 புள்ளி, 12.9 ரீபவுண்ட்
- நான்காம் ஆண்டு: 25.2 புள்ளி, 12.2 ரீபவுண்ட்

இரண்டாம் ஆண்டின் எண்ணை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அப்போது ட்ரெவியன் வில்லியம்ஸ் என்ற இன்னொரு பெரிய வீரரோடு அவர் ஆட்ட நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு சுமார் 19 நிமிடங்கள்தான் கிடைத்தன. அதிலேயே 14 புள்ளிகள். நேரம் கூடினால் என்ன ஆகும் என்பதற்கான அறிகுறி அப்போதே தெரிந்தது.

2023, 2024 என இரண்டு ஆண்டுகளும் தேசிய அளவில் சிறந்த வீரர் விருது. இப்படி விருதைத் தக்கவைத்த வீரர் அதற்கு முன்பு ரால்ஃப் சாம்ப்சன்தான். 1981 முதல் 1983 வரை மூன்று முறை வென்றவர். அவரும் 7 அடி 4 அங்குலம். ஆனால், சாம்ப்சன் 1983 டிராஃப்ட்டில் முதல் இடத்தில் எடுக்கப்பட்டார். ஈடி 9வது இடம். நடுவே ஓடிய 40 ஆண்டுகளில் விளையாட்டு எவ்வளவு மாறியது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

2023-ல் எடுத்த அந்த முடிவு

2023 மார்ச். கல்லூரி அணிகளுக்கான தேசிய தொடரின் முதல் சுற்று. தரவரிசையில் 1ஆம் இடம் கொடுக்கப்பட்ட பர்டியூ, 16ஆம் இடம் கொடுக்கப்பட்ட ஃபேர்லி டிக்கின்சன் அணியிடம் 63-58 என்று தோற்றது. ஆண்கள் தொடரின் வரலாற்றில் 16ஆம் இட அணி 1ஆம் இட அணியை வீழ்த்தியது அது இரண்டாவது முறைதான். இதில் இன்னொரு கொடுமை, ஃபேர்லி டிக்கின்சன்தான் அந்த ஆண்டு முதல் டிவிஷனிலேயே சராசரி உயரம் மிகக் குறைந்த அணி. ஈடி 21 புள்ளியும் 15 ரீபவுண்டும் எடுத்தும் பலன் இல்லை. சின்ன உருவ வீரர்கள் இருவர், மூவராக அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பந்து அவரிடம் போய்ச் சேரவே கஷ்டப்பட்டது.

நாட்டின் சிறந்த வீரர் அப்போது 2023 டிராஃப்ட்டுக்கு பெயர் கொடுத்தார். ஆனால், 'முதல் சுற்றில் எடுப்பார்களா என்பதே சந்தேகம்' என்ற கணிப்புதான் பரவலாக இருந்தது. கடைசி நாள் நெருங்கியபோது பெயரை திரும்பப் பெற்று, நான்காம் ஆண்டுக்கு பர்டியூவுக்கே திரும்பினார்.

இது சாதாரண முடிவு இல்லை. திரும்பிப் போய் காயம்பட்டால் எல்லாமே போச்சு. கூடவே இன்னொரு சிக்கலும் இருந்தது. 2021 முதல் அமெரிக்க கல்லூரி வீரர்கள் விளம்பரம் போன்றவற்றில் பணம் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. ஆனால், ஈடி கனடாக்காரர், மாணவர் விசாவில் இருந்தவர். அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிக்கும் நம்ம ஊர் மாணவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், வெளி வேலைக்கும் வருமானத்துக்கும் கடும் கட்டுப்பாடு. அதனால், நாட்டின் நம்பர் 1 வீரராக இருந்தும், சக வீரர்கள் சம்பாதித்த பெரும்பாலான வழிகள் அவருக்கு மூடியே இருந்தன.

கல்லூரியில் ராஜா, ஆனா என்.பி.ஏ.வில்?

அணிகளின் சந்தேகத்துக்கு முன்னுதாரணங்கள் இருந்தன.

2021-ல் கல்லூரியின் சிறந்த வீரர் அயோவா பல்கலைக்கழக சென்டர் லூகா கார்ஸா. டிராஃப்ட்டில் 52வது இடம்தான் கிடைத்தது. 2022-ல் விருது வாங்கியவர் கென்டக்கி சென்டர் ஆஸ்கர் ஷீப்வே. 2023 டிராஃப்ட்டில் அவரை எந்த அணியும் எடுக்கவே இல்லை. ஈடிக்கு முந்தைய இரண்டு விருதாளர்களின் நிலை இது.

இன்னும் கொஞ்சம் பின்னே போனால், 2015 டிராஃப்ட். டியூக் பல்கலைக்கழகத்தின் ஜலீல் ஒகாஃபோர், கூடை அருகே நின்று புள்ளி எடுப்பதில் கில்லாடி. பிலடெல்ஃபியா அணி 3வது இடத்தில் எடுத்தது. முதல் பருவத்தில் சராசரியாக 17.5 புள்ளி எடுத்தார். ஆனாலும், தடுப்பாட்டத்தில் பலவீனம். மூன்றாவது பருவத்திலேயே அவரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அதே 2015-ல் முதல் இடத்தில் எடுக்கப்பட்ட கார்ல்-ஆன்டனி டவுன்ஸும் சென்டர்தான். ஆனால், அவரால் 3 புள்ளி வீச்சும் போட முடியும். அவர் நட்சத்திரமானார்.

இரண்டு ஆட்டமும் ஒண்ணுதானே, என்ன வித்தியாசம்?

பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். விதிகளில்தான் வித்தியாசம். அதில் சென்டரை நேரடியாகப் பாதிப்பவை இவை.

1. மூன்று விநாடி விதி: என்.பி.ஏ.வில் தடுப்பவர் யாரையும் பக்கத்தில் நின்று தடுக்காமல் கூடைக்கு முன்னால் உள்ள வண்ணப் பகுதிக்குள் 3 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. கல்லூரியில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே ஒரு உயரமான வீரர் கூடைக்குக் கீழேயே காவல்காரர் மாதிரி நிற்கலாம்.

2. பகுதியின் அகலம்: அந்த வண்ணப் பகுதி கல்லூரியில் 12 அடி அகலம், என்.பி.ஏ.வில் 16 அடி. பந்து வாங்க நிற்கும் இடம் கூடையிலிருந்து தள்ளிப்போகிறது.

3. 3 புள்ளிக் கோடு: கல்லூரியில் சுமார் 22 அடி 2 அங்குலம், என்.பி.ஏ.வில் நடுப்பகுதியில் 23 அடி 9 அங்குலம். காக்க வேண்டிய பரப்பு கூடுகிறது.

4. நேரம்: கல்லூரியில் ஆட்டம் 40 நிமிடம், ஒரு தாக்குதலுக்கு 30 விநாடி. என்.பி.ஏ.வில் 48 நிமிடம், 24 விநாடி. மெதுவாக வந்து இடம் பிடித்து நிற்க அவகாசம் குறைவு.

ஆக, கல்லூரியில் ஈடிக்கு சாதகமாக இருந்த ஒவ்வொரு விஷயமும் என்.பி.ஏ.வில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

அணிகள் எதையெல்லாம் பார்க்கின்றன?

டிராஃப்ட்டுக்கு முன் மே மாதத்தில் சிகாகோவில் 'கம்பைன்' என்ற சோதனை முகாம் நடக்கும். உயரம், எடை, கை நீளம், வேகம், தாவல் எல்லாம் அளக்கப்படும். மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் எல்லாம் உண்டு. ஒரு சென்டரைப் பொறுத்தவரை அணிகள் போடும் முக்கியக் கணக்குகள் இவை.

உடல்: ஈடியின் உயரம் ஷூ இல்லாமலேயே கிட்டத்தட்ட 7 அடி 4 அங்குலம். எடை 299 பவுண்டு, அதாவது சுமார் 136 கிலோ. இரு கைகளையும் விரித்தால் 7 அடி 10 அங்குலத்துக்கும் மேல். கூடையின் வளையம் 10 அடி உயரத்தில் இருக்கிறது. அவர் சும்மா நின்றபடி கையை உயர்த்தினாலே விரல் நுனிக்கும் வளையத்துக்கும் இடைவெளி அரை அடிக்கும் குறைவு. இந்த விஷயத்தில் முழு மதிப்பெண்.

'பிக் அண்ட் ரோல்' தடுப்பு: சென்டர்களை வடிகட்டும் உண்மையான பரீட்சை இதுதான். எதிரணியின் பெரிய வீரர் ஒருவர் சுவர் மாதிரி குறுக்கே நின்று, பந்து வைத்திருக்கும் சின்ன வீரருக்கு வழி விடுவார். அந்த நொடியில் நம் சென்டர் என்ன செய்வார்? முன்னேறி வந்தால் பின்னால் கூடை காலி. பின்னாலேயே நின்றால் எதிராளிக்கு தூரத்திலிருந்து வீச இடம். ஆளை மாற்றிக்கொண்டால் 136 கிலோ எடையுள்ளவர் மின்னல் வேக வீரரைத் துரத்த வேண்டும். என்.பி.ஏ. அணிகள் எதிரணி சென்டரின் பலவீனத்தைக் கண்டுபிடித்தால், ஆட்டம் முழுக்க அவரையே குறிவைக்கும். ஈடி மீது இருந்த முதல் சந்தேகம் இதுதான்.

பந்து கையில் இல்லாதபோது: பர்டியூவில் ஆட்டமே ஈடியைச் சுற்றித்தான் நடந்தது. என்.பி.ஏ.வில் புதுமுக சென்டருக்காக யாரும் தனியாகத் திட்டம் போட மாட்டார்கள். குறுக்கே நின்று சக வீரருக்கு வழி ஏற்படுத்துவது, கூடையை நோக்கி ஓடி பந்தை வாங்கிப் போடுவது, தவறிய பந்தை எடுத்து மறுபடி போடுவது... இதில் எல்லாம் உபயோகப்படுவாரா என்பதுதான் கேள்வி. இங்கே ஈடிக்கு நல்ல மதிப்பெண். அவர் குறுக்கே நின்றால் சுற்றிப் போகவே எதிராளிக்கு நேரமாகும்.

வீச்சு: கடைசி ஆண்டில் களத்திலிருந்து எடுத்த வீச்சுகளில் 62 சதவீதத்துக்கு மேல் உள்ளே போனது. ஃப்ரீ த்ரோ 71 சதவீதம். பெரிய உருவ சென்டர்களுக்கு இது நல்ல எண். 3 புள்ளி வீச்சு மட்டும் கல்லூரியில் கிட்டத்தட்ட இல்லை. ஆனால், ஃப்ரீ த்ரோவில் கை சீராக இருப்பவர் பின்னாளில் தூர வீச்சையும் கற்றுக்கொள்ளலாம் என்பது தேர்வாளர்களின் பொதுவான நம்பிக்கை.

மூச்சு: 'இவ்வளவு எடை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் ஓடுவார்?' என்பது எல்லா பெரிய வீரர்களிடமும் கேட்கப்படும் கேள்வி. ஈடி கடைசி இரண்டு ஆண்டுகள் ஆட்டத்துக்கு சராசரியாக 30 நிமிடங்களுக்கு மேல் ஆடினார். அதற்கான பதிலை அவர் களத்திலேயே கொடுத்துவிட்டார்.

வயது: டிராஃப்ட்டில் 19 வயது வீரருக்கு மவுசு அதிகம். வளர இன்னும் காலம் இருக்கிறது என்ற கணக்கு. ஈடிக்கு அப்போது 22. 'இதற்கு மேல் எவ்வளவு வளர்ந்துவிடப் போகிறார்?' என்று கேட்டவர்கள் உண்டு. மறுபக்கம், அவர் கூடைப்பந்துக்கு வந்தே சில ஆண்டுகள்தான். ஆண்டுக்கு ஆண்டு முன்னேறியவர் சட்டென்று நின்றுவிடுவாரா என்ன?

காயம்: உயரமானவர்களின் கால்களும் பாதங்களும் தாங்கும் சுமை அதிகம். 7 அடி 6 அங்குல சீன வீரர் யாவ் மிங், 2002-ல் முதல் இடத்தில் எடுக்கப்பட்டவர். தொடர் காயங்களால் 2011-ல் ஓய்வு பெற்றார். அப்போது வயது 30. இந்த வரலாறு எந்த அணிக்கும் மறக்காது.

37 புள்ளி எடுத்தும் தோல்வி: இறுதிப்போட்டி காட்டியது என்ன?

நான்காம் ஆண்டுக்குத் திரும்பிய முடிவு வீண் போகவில்லை. 2024-ல் காலிறுதி நிலையில் டென்னசி அணிக்கு எதிராக ஈடி 40 புள்ளி, 16 ரீபவுண்ட். 1980-க்குப் பிறகு முதல் முறையாக பர்டியூ கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தது. முந்தைய ஆண்டு கேலிக்குள்ளான அதே அணி.

இறுதிப்போட்டியில் எதிரே கனெக்டிகட் அணி. அங்கே இன்னொரு பெரிய சென்டர், 7 அடி 2 அங்குல டானவன் கிளிங்கன். ஒரே மைதானத்தில் இரண்டு டிராஃப்ட் வேட்பாளர்கள் நேருக்கு நேர். தேர்வாளர்களுக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது.

ஈடி 37 புள்ளி, 10 ரீபவுண்ட் எடுத்தார். ஆனால், கோப்பை கனெக்டிகட்டுக்கு. ஸ்கோர் 75-60.

எப்படி? கனெக்டிகட்டின் திட்டம் எளிமையானது. ஈடியை இருவர், மூவர் சேர்ந்து தடுக்கவில்லை. பெரும்பாலும் ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டு, மீதி நால்வரும் பர்டியூவின் தூர வீச்சு வீரர்களை ஒட்டிக்கொண்டார்கள். தூர வீச்சுக்குப் பேர்போன பர்டியூ அன்று மொத்தமே 7 முறைதான் 3 புள்ளிக்கு முயன்றது. உள்ளே போனது ஒன்றே ஒன்று. 'ஈடி 2 புள்ளி 2 புள்ளியா எடுக்கட்டும், மத்தவங்கள விடக் கூடாது' என்ற கணக்கு பலித்தது.

இந்த ஆட்டத்தை இரண்டு விதமாகவும் படிக்கலாம். ஈடியை ஆதரித்தவர்கள், 'நாட்டின் சிறந்த தடுப்பு சென்டர்களில் ஒருவருக்கு எதிராகவே 37 எடுத்தார்' என்றார்கள். சந்தேகப்பட்டவர்கள், 'அவரைச் சுற்றி ஆடும் அணி இப்படித்தான் முடங்கும்' என்றார்கள். இரண்டுமே உண்மைதான். டிராஃப்ட்டில் கிளிங்கன் 7வது இடத்தில் போர்ட்லேண்டுக்குப் போனார், ஈடி 9வது இடத்தில்.

சென்டரை நம்பி ஏமாந்த கதைகள்

அணிகள் தயங்குவதற்கு இன்னொரு காரணம், பழைய சூடு.

1984-ல் போர்ட்லேண்ட் அணி 2வது இடத்தில் சென்டர் சாம் போவியை எடுத்தது. கல்லூரியிலேயே கால் காயத்தால் இரண்டு பருவங்களை இழந்தவர் அவர். அவருக்கு அடுத்த இடத்தில் எடுக்கப்பட்டவர் மைக்கேல் ஜோர்டன். அதே போர்ட்லேண்ட் 2007-ல் முதல் இடத்தில் சென்டர் கிரெக் ஓடனை எடுத்தது. முழங்கால் காயங்களால் என்.பி.ஏ.வில் அவர் ஆடியது மொத்தமே 105 ஆட்டங்கள். அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவர் கெவின் டூரன்ட்.

ஈடியை எடுத்த மெம்ஃபிஸுக்கே அப்படி ஒரு தழும்பு உண்டு. 2009-ல் 2வது இடத்தில், கனெக்டிகட் கல்லூரியின் 7 அடி 3 அங்குல சென்டர் ஹஷீம் தபீட்டை எடுத்தது. அவருடைய என்.பி.ஏ. சராசரி 2.2 புள்ளி மட்டுமே. அந்த டிராஃப்ட்டில் 3வது இடத்தில் ஜேம்ஸ் ஹார்டன், 7வது இடத்தில் ஸ்டீபன் கரி. உயரத்தை மட்டும் பார்த்து எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்றும் சொல்லப்படும் உதாரணம் இது.

அப்புறம் ஏன் மெம்ஃபிஸ் ஈடியை எடுத்தது?

பதில், பொருத்தம். 2023-24 பருவத்தில் காயங்களால் சிதறிய மெம்ஃபிஸ் 82 ஆட்டங்களில் 27-ல் மட்டுமே வென்றது. பெரிய சென்டர் ஸ்டீவன் ஆடம்ஸை பருவத்தின் நடுவிலேயே ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டது. கூடை அருகே அடித்துப் பிடித்து ஆட ஆள் இல்லை.

அதேசமயம், அணியில் ஜேரன் ஜாக்சன் ஜூனியர் இருந்தார். உயரமானவர், வெளியே ஓடிப்போய் தடுக்கவும் தெரியும், 3 புள்ளி வீச்சும் உண்டு. 2023-ல் சிறந்த தடுப்பு வீரர் விருது வாங்கியவர். அதாவது, ஈடியிடம் எது இல்லையோ அது ஜாக்சனிடம் இருந்தது. ஜாக்சனுக்குக் குறைவாக இருந்த ரீபவுண்ட் பலம் ஈடியிடம் இருந்தது. வேகத்துக்குப் பேர்போன ஜா மொரன்ட்டுக்கு வழி ஏற்படுத்த ஒரு பெரிய சுவரும் கிடைக்கும்.

சிம்பிளா சொன்னா, 'இவர் நல்ல வீரரா?' என்பது பாதிக் கேள்விதான். 'இவரிடம் இல்லாததை ஈடுகட்ட நம்மிடம் ஆள் இருக்கா?' என்பது மீதிக் கேள்வி. வேறொரு அணிக்கு இதே ஈடி 25வது இடத்துக்குக்கூட தகுதியானவராகத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

பிறகு நடந்தது என்ன?

2024-25 பருவத்தில் ஈடி 66 ஆட்டங்களில் ஆடினார். ஆட்டத்துக்கு 9.2 புள்ளி, 8.3 ரீபவுண்ட், 1.3 பிளாக். கிடைத்த நேரம் சுமார் 21 நிமிடங்கள். பருவ முடிவில் சிறந்த புதுமுகங்களின் முதல் அணியில் இடம் பிடித்தார். கல்லூரியில் தொட்டுப் பார்க்காத 3 புள்ளி வீச்சையும் அவ்வப்போது முயன்றார். மெம்ஃபிஸ் 48 வெற்றிகளோடு பிளே-ஆஃப் சென்றது. முதல் சுற்றில் ஓக்லஹோமா சிட்டியிடம் 4-0 என்று தோற்றது.

கல்லூரியில் 25 புள்ளி எடுத்தவர் 9 புள்ளிக்கு இறங்கினாரே, இது தோல்வியா? இல்லை. வேலை மாறியது, அவ்வளவுதான். அணி அவரிடம் கேட்டது ரீபவுண்டும், வழி ஏற்படுத்துவதும், கூடை காவலும். அதைக் கொடுத்தார்.

ஆனால், அந்தப் பழைய பயமும் பொய்யாகவில்லை. 2025 ஜூனில் கணுக்காலில் அறுவை சிகிச்சை. அடுத்த பருவத்தின் தொடக்க ஆட்டங்களில் ஆட முடியவில்லை. பெரிய உடலின் பலமும் பயமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

இந்தியாவுக்கு இதில் என்ன தொடர்பு?

ஈடி படித்த அதே ஐ.எம்.ஜி. அகாடமியில் பயின்றவர்தான் பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங் பமாரா. 7 அடி 2 அங்குல சென்டர். 2015 டிராஃப்ட்டில் டல்லாஸ் அணி 52வது இடத்தில் எடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. டிராஃப்ட்டில் தேர்வான முதல் வீரர். ஆனால், கல்லூரி ஆட்டம் ஆடாமல் நேரடியாக டிராஃப்ட்டுக்கு வந்த அவருக்கு, என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றில்கூட களமிறங்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை.

இன்னொருவர் சிம் புல்லர். பஞ்சாபி வம்சாவளி கனடியர், 7 அடி 5 அங்குலம். 2014 டிராஃப்ட்டில் யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ அணிக்காக 3 ஆட்டங்களில் ஆடி, என்.பி.ஏ.வில் களமிறங்கிய முதல் இந்திய வம்சாவளி வீரர் ஆனார்.

7 அடிக்கு மேல் உயரம் கொண்ட மூன்று பேர், மூன்று முடிவுகள். உயரம் வாசல் வரை கூட்டிப்போகும். உள்ளே நிலைக்க வைப்பது நான்கு ஆண்டு ஆட்ட அனுபவம், பொறுமை, பொருத்தமான அணி.

அடுத்த முறை டிராஃப்ட் பார்க்கும்போது...

ஒரு கல்லூரி சென்டரைப் பற்றிப் பேசினால், புள்ளி சராசரியை மட்டும் பார்க்காமல் இந்த 5 கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. வேகமான சின்ன வீரர் எதிரே வந்தால் தாக்குப்பிடிப்பாரா?
2. பந்து கையில் இல்லாதபோதும் அணிக்கு உபயோகப்படுவாரா?
3. ஆண்டுக்கு ஆண்டு முன்னேறியிருக்கிறாரா, நின்றுவிட்டாரா?
4. ஃப்ரீ த்ரோ சதவீதம் எவ்வளவு?
5. எடுக்கும் அணியில் அவருடைய குறையை மறைக்க ஆள் இருக்கிறதா?

ஈடி விஷயத்தில் முதல் கேள்விக்கு 'சந்தேகம்', மற்ற நான்குக்கும் 'ஆமாம்' என்று மெம்ஃபிஸ் பதில் எழுதியது. முதல் பருவத்தைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரி. முழு விடைத்தாளையும் அவருடைய கணுக்கால்தான் எழுதி முடிக்க வேண்டும்.